ஆபீஸ் ஃபைல்கள் ரீட் ஒன்லி ஆகிவிட்டால் எல்லோருக்கும் முழு உரிமை கொடுத்துவிடலாமா?

டர்பன் கணக்கர்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆறு பேர் கொண்ட ஒரு சின்னக் கணக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வாட் கணக்கு, சம்பளப் பட்டியல் எல்லாம் ஷேர்பாயிண்டில், அதாவது அலுவலக ஃபைல்களை இணையத்தில் பொதுவாக வைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவையில் இருக்கின்றன. அவற்றைக் கணினியோடு ஒத்திசைக்கும் ஒன்ட்ரைவ் சிங்க் வழியாக, கணினியில் இருக்கும் சாதாரண ஃபோல்டரைப் போலவே திறந்து வேலை செய்வோம். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் எல்லா ஃபைல்களின் பக்கத்திலும் சின்னதாக ஒரு பூட்டுப் படம். படிக்க முடிகிறது, ஓர் எண்ணைக்கூட மாற்றிச் சேமிக்க முடியவில்லை. வாட் படிவம் இ-ஃபைலிங்கில் மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் போயாக வேண்டும். பணம் தாமதமானால் 10 சதவீத அபராதம். வேறு வழியில்லாமல் ஒரு நகல் எடுத்து அதில் வேலையைத் தொடர்ந்தேன். ஆறு பேருக்கும் முழு உரிமை கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது என்கிறேன், அட்மின் மறுக்கிறார். நான் கேட்பதில் என்ன தவறு?

ஜோபர்க் ஐடி:
அண்ணே, அட்மின் மறுப்பது சரி. முதலில் ஒன்று செய்யுங்கள். அதே ஃபைலைப் பிரவுசரில் திறந்து ஏதாவது மாற்றிப் பாருங்கள். உரிமை போயிருந்தால் அங்கேயும் மாற்ற முடியாது.

டர்பன் கணக்கர்:
இப்போதுதான் பார்த்தேன். பிரவுசரில் மாற்ற முடிகிறது! ஃபோல்டர் வழியாகத் திறந்தால் மட்டும்தான் பூட்டு.

ஜோபர்க் ஐடி:
அப்படியானால் உங்கள் உரிமை அப்படியே இருக்கிறது, மாறியது லைப்ரரியின், அதாவது ஷேர்பாயிண்டில் ஃபைல்கள் இருக்கும் தொகுப்பின் அமைப்பு. கட்டாயம் நிரப்ப வேண்டிய நெடுவரிசை ஒன்றை யாராவது புதிதாகச் சேர்த்தார்களா என்று கேளுங்கள். ஃபோல்டரில் ஒரு ஃபைலைச் சேமிக்கும்போது அந்த விவரத்தைக் கேட்டு வாங்க இடமில்லை. அதனால் ஒன்ட்ரைவ் மொத்த லைப்ரரியையும் ரீட் ஒன்லியாகவே இறக்கும். செக்-அவுட்டை, அதாவது ஒருவர் ஃபைலைத் தன் பெயரில் எடுத்துக்கொண்ட பிறகே மாற்றலாம் என்பதைக் கட்டாயமாக்கினாலும் இதேதான் நடக்கும். இந்த நிலையில் ஆறு பேருக்கும் முழு உரிமை கொடுத்தாலும் பூட்டு போகாது. ஆறு பேரும் அமைப்பை மாற்றக்கூடியவர்கள் ஆவார்கள், அவ்வளவுதான்.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
தம்பி, நீங்கள் சொல்லும் காரணம் சரியாகவே இருக்கட்டும். ஆனால் மாதக் கடைசியில் உட்கார்ந்து காரணம் தேட எங்களுக்கு ஏது நேரம்? 2023-இல் தினமும் மின்வெட்டு. எடிட் பண்ணிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போகும். திரும்ப வந்து திறந்தால், இன்னொருவர் திறந்து வைத்திருப்பதாகச் சொல்லி ரீட் ஒன்லியில் நிற்கும். நகல் எடுத்துத்தான் வேலையை ஓட்டினோம். சின்ன அலுவலகத்தில் தனியாக ஐடி ஆள் கிடையாது. அந்த நேரத்தில் நகல்தான் கை கொடுத்தது.

ஜோபர்க் ஐடி:
அக்கா, அது வேறு பூட்டு. இயந்திரம் திடீரென்று அணைந்தால் சர்வரில் அந்த ஆளின் பெயரிலேயே ஃபைல் நின்றுவிடும். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் தானாக விடுபடும், ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் போதும். ஃபைல் இன்னும் எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் இருந்தாலோ, திறக்கவே பாஸ்வேர்டு கேட்டாலோ, ஒருவர் திறந்திருக்கும்போது மற்றவர்களால் எழுத முடியாது. புதிய வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸாக மாற்றிவிடுங்கள். பாஸ்வேர்டை எடுத்துவிட்டு, யார் பார்க்கலாம் என்பதை லைப்ரரியிலேயே முடிவு செய்யுங்கள்.

நகல் விஷயத்தில் மட்டும் என்னால் இறங்கி வர முடியாது. நான் போன ஓர் அலுவலகத்தில் சம்பளப் பட்டியலுக்கு மூன்று நகல்கள். ஓவர்டைம் ஒன்றில், வரிப் பிடித்தம் இன்னொன்றில். எது உண்மை என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. சம்பளம் வாங்கவேண்டியவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். அந்த முகங்களை என்னால் மறக்க முடியவில்லை. தவிர, பட்டியலில் அடையாள எண், வங்கி எண் எல்லாம் இருக்கின்றன. தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போப்பியா சட்டத்தை 2021 ஜூலை 1 முதல் முழுமையாகக் கடைப்பிடித்தாக வேண்டும். அதன்படி அபராதம் 1 கோடி ராண்ட் வரை போகலாம். எல்லோருக்கும் முழு உரிமை என்பது அங்கே சிக்கலில்தான் கொண்டுபோய் விடும்.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
சம்பளப் பட்டியலைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த நெடுவரிசையைச் சேர்த்தவர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? பூட்டுப் போடுகிறவர் சாவி எங்கே என்றும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். திங்கட்கிழமை காலையில் பதறியது கணக்கர்தானே, அட்மின் இல்லையே!

டர்பன் கணக்கர்:
அட்மினிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை மாலை ‘வாடிக்கையாளர் எண்’ என்று ஒன்றைச் சேர்த்துக் கட்டாயமாக்கியிருக்கிறார். ஃபைல்களை ஒழுங்குபடுத்தத்தான் செய்தாராம். இப்படி ஆகும் என்று அவருக்கும் தெரியவில்லை. கட்டாயத்தை எடுத்ததும், சிங்க் முடிந்து பூட்டுப் படங்கள் போய்விட்டன. ஆனால் தம்பி பயந்தது நடந்துவிட்டது. நான் நகலில் வேலை செய்த அதே நாளில் கூட வேலை செய்யும் பெண் பிரவுசரில் மூலத்தை மாற்றியிருக்கிறார். இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆறு பேருக்கும் உரிமை என்ற கோரிக்கையை விட்டுவிடுகிறேன். ஆனாலும் ஒருவர் கையில் மட்டும் இருப்பதை நான் ஏற்க மாட்டேன். தைப்பூசக் காவடிக்கு அட்மின் விடுப்பில் போன வாரத்தில் இது நடந்திருந்தால் யாரைக் கேட்பேன்?

ஜோபர்க் ஐடி:
அது நியாயம், அண்ணே. இரண்டு பேர் இருக்கட்டும். நகலை மட்டும் ஒப்பிட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள். வேறு பெயர் போட்டுக்கூட வைத்திருக்காதீர்கள்.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
வாட் படிவம் போன பிறகு அழித்தால் போதும்.