கல்யாணத்துக்குக் கில்ட் கட்டிப் போனவர்கள் வாங்க, உங்கள் கதையையும் சொல்லுங்க

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஸ்டெர்லிங் பக்கத்தில் கூட வேலை பார்க்கும் பையனின் கல்யாணம். அழைப்பிதழில் ஹைலேண்ட் உடை அல்லது கருப்பு டை என்று போட்டிருந்தது. பேசாமல் கோட் சூட்டில் போயிருக்கலாம், ஆனால் ஸ்காட்லாந்துக்கு வந்து ஆறு வருஷமாகியும் கில்ட், அதாவது இங்கே ஆண்கள் கட்டுகிற அந்தக் கட்டம் போட்ட பாவாடையை, ஒரு தடவைகூடக் கட்டவில்லையே என்று ஆசை. வாடகைக் கடையில் போய் அளவு கொடுத்தேன். இடுப்பளவை தொப்புள் கிட்டே எடுத்தார்கள், பேன்ட் நிற்கிற இடத்தில் இல்லை. நீளம் அங்கிருந்து முழங்கால் நடு வரைக்கும். எனக்கென்று குலமும் கிடையாது, குலத்துக்குக் குலம் மாறுகிற அந்தக் கட்டம் போட்ட டார்டன் துணியும் கிடையாது என்றேன், அதனாலென்ன, பிளாக் வாட்ச் என்கிற டார்டனை யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்று எடுத்துக் கொடுத்தார்கள். கரும்பச்சையும் கருநீலமும். நம் நிறத்துக்கு நன்றாகவே இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கடையில் சேர்த்துக் கொடுத்த ஸ்போரன், அதாவது முன்னால் தொங்குகிற அந்தப் பை, சின்னதாக, சாதாரணமாகத் தெரிந்தது. இணையத்தில் தேடி, பழைய சரக்காக ஒரு குதிரைமுடி ஸ்போரன் வாங்கினேன். வெள்ளை முடி கிட்டத்தட்ட முழங்கால் வரை தொங்கும், மேலே இரண்டு கருப்புக் குஞ்சம். கண்ணாடி முன்னால் நின்றபோது ராஜா மாதிரி இருந்தது, உண்மையைச் சொன்னால்.

சர்ச் வாசலில் ஒரு பாட்டி வந்து என் கையைப் பிடித்து, ரொம்ப அன்பாக, “எப்போது வாசிக்கப் போகிறீர்கள், மணப்பெண் வரும்போதா, வெளியே போகும்போதா?” என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பிப் பார்த்தால் படிக்கட்டின் அந்தப் பக்கம் நிஜமான பைப்பர், கையில் பேக்பைப், இடுப்பில் என்னுடையதைப் போலவே ஒரு குதிரைமுடி ஸ்போரன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு லேசாகத் தலையாட்டினார், தொழில்காரருக்குத் தொழில்காரர் ஆட்டுகிற மாதிரி. அப்போதுதான் உறைத்தது. அது பட்டாள பேண்டுக்கும் பைப்பர்களுக்கும் உரியது, விருந்தாளி போட்டால் யாரும் அடிக்க வர மாட்டார்கள், ஆனால் வாசிக்கச் சொல்வார்கள்.

மாப்பிள்ளையின் தாத்தா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒன்றும் பேசாமல் என்னைக் கார் நிறுத்துகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் டிக்கியைத் திறந்தார். உள்ளே ஒரு துணிப்பையில் இன்னொரு ஸ்போரன்: முகப்பில் சீல் தோல், மேலே வெள்ளி விளிம்பு, மூன்று குஞ்சம், வெள்ளிச் சங்கிலி. அவர் போட்டிருந்தது வெறும் பழுப்புத் தோல். பகலுக்குத் தோல், சாயங்காலம் 6 மணிக்கு மேல் வெள்ளி, அதுதான் அவர் பழக்கம். ராத்திரிக்கு எடுத்து வைத்திருந்ததை என் இடுப்பில் கட்டிவிட்டார். வெயிஸ்ட்கோட்டின் கீழ் நுனிக்கும் ஸ்போரனின் மேல் விளிம்புக்கும் நடுவில் தன் உள்ளங்கையைப் படுக்க வைத்து அளந்தார். ஒரு உள்ளங்கை இடைவெளி, அவ்வளவுதான் கணக்கு. சங்கிலியில் இரண்டு கண்ணி விட்டு மாட்டினார்.

அப்புறம் பெல்ட். நான் அகலமான பெல்ட் ஒன்று கட்டி, பெரிய பக்கிள் வெயிஸ்ட்கோட்டுக்குக் கீழே எட்டிப் பார்க்கிற மாதிரி விட்டிருந்தேன். கழற்றச் சொன்னார். வெயிஸ்ட்கோட் போட்டால் பெல்ட் வேண்டாம், பெல்ட் போட்டால் வெயிஸ்ட்கோட் வேண்டாம். கில்ட் தன் வாரிலேயே நிற்கும்.

அடுத்தது குத்தூசி. இதுதான் பெரிய தப்பு. முன்னால் ஒன்றின் மேல் ஒன்றாக வருகிற இரண்டு மடிப்பையும் நான் சேர்த்துக் குத்தி வைத்திருந்தேன், வேட்டி கட்டுகிறவனுக்கு அவிழ்ந்துவிடுமோ என்கிற பயம் போகுமா? அவர் குனிந்து பார்த்து “ஐயோ” என்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். அந்த ஊசி கில்ட்டைப் பிடித்து வைப்பதற்கு இல்லை. மேல் மடிப்பில் மட்டும், வலது பக்கக் கீழ் மூலையில், ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிக் குத்த வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது இழுத்து, கம்பளித் துணி கிழியும், முன்பக்கம் கோணலாகவும் தொங்கும். எனக்கு ஏற்கெனவே இரண்டு இழை போயிருந்தது. வாடகைக் கடையில் கண்டுபிடிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடைசியில் கத்தி. காலுறையில் செருகும் சின்னக் கத்திக்கு ஸ்கீன் டூ என்று பெயர், கேலிக் மொழியில் டூ என்றால் கருப்பு. நான் இடது காலில் பாதி வெளியே தெரிகிற மாதிரி செருகியிருந்தேன். வலதுகைப் பழக்கம் என்றால் வலது காலுறையில், வெளிப்பக்கமாக, பிடியின் மேல்நுனி மட்டும் தெரிந்தால் போதும்.

இதெல்லாம் முடிய பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நடுவில் அவரே சொன்னார்: ஹைலேண்ட்காரர்கள் அரசுப் படையிடம் தோற்ற 1746 கலோடன் போருக்குப் பிறகு இந்த உடைக்கே தடை, 1782இல்தான் நீக்கினார்கள். 1822இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் ஏற்பாட்டில் எல்லோரும் டார்டனில் வந்து நின்றார்கள், அதற்கப்புறம்தான் இது நாட்டு உடையானது. நான் போட்டிருந்த பிரின்ஸ் சார்லி ஜாக்கெட்டே இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு என்றார், பெயர் கலோடனில் தோற்ற இளவரசருடையது, அதை வைத்து ஏமாறாதே என்றார். இதைச் சொன்ன மனுஷன்தான் ஒரு ஊசிக்கு ஐயோ என்றவர்.

*

இன்வெர்னஸ்ஸிலிருந்து:

எனக்கு ஸ்போரனில் பிரச்சினை இல்லை சார், செருப்பில் வந்தது. கில்லி புரோக் என்கிற அந்த ஷூவுக்கு நாக்கு கிடையாது, கயிறு மட்டும் ஒரு முழத்துக்கு மேல் வரும். சதுப்பில் நடந்தால் தண்ணீர் வடிந்து சீக்கிரம் காயட்டும் என்று அப்படி என்பார்கள். எனக்கு யாரும் கட்டச் சொல்லித்தரவில்லை, பரதநாட்டியச் சலங்கை மாதிரி முழங்கால் கிட்டே வரை சுற்றிக் கட்டிக்கொண்டு போனேன். சரியான முறை, முன்னால் நாலைந்து முறுக்கு முறுக்கி, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே பின்பக்கம் ஒரு சுற்று, திரும்ப முன்னால் கொண்டுவந்து முடிச்சு. ரொம்ப இறுக்கினால் ராத்திரி கேய்லி ஆட்டத்தில் கால் மரத்துவிடும், தளர்த்தினால் ஸ்ட்ரிப் த வில்லோ ஆடும்போது கழன்று வரும், எனக்கு இரண்டும் ஒரே ராத்திரியில் நடந்தது.

ஆடப் போகிறவர்களுக்கு இன்னொன்று. ஸ்போரனை இடது இடுப்புப் பக்கம் தள்ளிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஏன் என்று முதல் குதியலில் தெரிந்துவிடும், விளக்க வேண்டாம்.

*

எடின்பரோவிலிருந்து:

ஆண்களே பேசிக்கொண்டிருந்தால் எப்படி. என் நாத்தனார் மகன் இங்கே ஒரு ஸ்காட்டிஷ் பெண்ணைக் கட்டினான். சம்பந்தியம்மா எனக்கு அவர்கள் குல டார்டனில் ஒரு சாஷ், அதாவது தோளில் போடுகிற நீளத் துணி, கொடுத்து, புடவை மேலே போட்டுக்கொள்ளச் சொன்னார். எனக்கு ஒரே குழப்பம், முந்தானை இடது தோளில் இருக்கிறதே, இது எங்கே போவது? கேட்டால், பெண்களுக்குச் சாஷ் வலது தோள்தானாம், இடது தோள் குலத் தலைவரின் மனைவி போன்றவர்களுக்காம். ஆக நம் முந்தானையும் அவர்கள் சாஷும் சண்டையே போடவில்லை! வலது தோளில் லக்கன்பூத் ப்ரோச் குத்தினார்கள், இரண்டு இதயம் பின்னி மேலே கிரீடம் வைத்தது. நிச்சயத்துக்குக் கொடுக்கிற பழக்கமாம். எடின்பரோவில் செயின்ட் ஜைல்ஸ் பக்கத்தில் முன்பு இருந்த, பூட்டி வைக்கக்கூடிய சின்னக் கடைகளில் விற்றதால் அந்தப் பெயர். பட்டுப் புடவையில் நேராகக் குத்தாதீர்கள், ஊசி தடிமன். ரவிக்கைத் தோளில் உள்பக்கமாக ஒரு துண்டுத் துணி வைத்துக் குத்தினேன், தப்பித்தது. அரக்குப் பட்டும் சிவப்பு டார்டனும் சேர்ந்தால் கண் கூசும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். போட்டோ பார்த்துத் தெரிந்துகொண்டது.

*

லண்டனிலிருந்து:

கத்தி பற்றி ஒன்று. நான் கிளாஸ்கோ கல்யாணத்துக்கு விமானத்தில், கைப்பையில் ஸ்கீன் டூவோடு போனவன். பாதுகாப்புச் சோதனையில் அந்த அம்மா பையைத் திறந்து, சிரித்து, எடுத்து வைத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு என்று எவ்வளவோ சொன்னேன், “தெரியும், இந்த வாரம் நீங்கள் முதல் ஆள் இல்லை” என்றார். லக்கேஜில் போட்டு அனுப்ப வேண்டும். மற்றபடி தேசிய உடையின் பகுதியாக வைத்திருப்பதைச் சட்டம் ஒத்துக்கொள்கிறது, ஸ்காட்லாந்தில் 1995ஆம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. அதே கத்தியை மறுநாள் ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்தால் அது உடையும் இல்லை, ஒன்றும் இல்லை. அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் சீல் தோல் ஸ்போரனைக் கொண்டுபோகாதீர்கள், 1972 முதல் அங்கே கடல் பாலூட்டிகளுக்கான பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பறிமுதல் ஆகிவிடும்.

*

கிளாஸ்கோவிலிருந்து:

காலுறையை எல்லாரும் மறந்திட்டியள். வாடகைக் கடையில வெள்ளைதான் தருவினம், இங்க வயசான ஆக்களுக்கு அது கண்ணில காட்டேலாது. அரைவெள்ளை எண்டாலும் பரவாயில்லை, கரும்பச்சையோ கருநீலமோ எண்டால் இன்னும் வடிவு. முழங்காலுக்குக் கீழ நாலு விரல் விட்டு மடிக்கோணும், மடிப்புக்குக் கீழால ஃபிளாஷ் நாடா கொஞ்சம் தெரியோணும், வெளிப்பக்கமா. அது டார்டனில உள்ள ஏதாவது ஒரு நிறத்தோட ஒத்துப்போனால் காணும்.

*

முதல் பதிவு போட்டவன்தான் திரும்ப வந்திருக்கிறேன். காலுறை வெள்ளைதான் போட்டிருந்தேன், தாத்தா அதை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, மாற்ற வழியில்லை என்று விட்டிருப்பார். சாயங்காலம் 6 மணி தாண்டியதும் ஸ்போரனைக் கழற்றிக் கொடுக்கப் போனேன். வாங்கவே இல்லை. வெள்ளியும் கருப்புமாக எல்லோரும் ஆடிக்கொண்டிருந்த கூடத்தில் பழுப்புத் தோலோடு அவர் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார், யாரோ கேட்டதற்கு மறந்துவிட்டேன் என்று சொன்னது என் காதில் விழுந்தது. மறுநாள் காலையில் பாலிஷ் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

குதிரைமுடி ஸ்போரன் இன்னும் அலமாரியில் இருக்கிறது. பைப் வாசிக்கிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன்.