தருமபுரியில் கார் பிரேக் வேலைக்கு நம்பகமான பட்டறை எது? தொப்பூர் இறக்கத்தில் பெடல் உள்ளே போய்விட்டது

கேட்பவர்: நான்கு ரோடு ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி நகரிலோ, நல்லம்பள்ளி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி வரையிலோ கார் பிரேக் வேலையை நேர்மையாகச் செய்து தரும் பட்டறை ஒன்றை அனுபவத்தில் அறிந்தவர்கள் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். கூலி சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. எதைக் கழற்றினார்கள், எதை மாற்றினார்கள் என்பதை என் கண்முன் காட்டிச் செய்கிற இடமாக இருக்க வேண்டும்.

என்னுடையது 2016ஆம் ஆண்டு வேகன் ஆர். 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அம்மாவின் சிகிச்சைக்காக வியாழன்தோறும் சேலம் போய்வருகிறோம். இரண்டு மாதங்களுக்கு முன் முன்சக்கரத்தில் கீச்சென்று ஒலி வந்ததால் நகரிலுள்ள ஒரு பட்டறையில் காலையில் விட்டு மாலையில் எடுத்தேன். உரசிச் சக்கரத்தை நிறுத்தும் கட்டைகளான முன்பக்கப் பேட், பின்பக்க ஷூ இரண்டையும் மாற்றிவிட்டதாகச் சொல்லி 6,400 ரூபாய் வாங்கினார்கள். ஒரு துண்டுத் தாளில் "பிரேக் வேலை" என்ற இரண்டு சொற்களும் தொகையும் மட்டுமே இருந்தன. பழைய பொருள்களைக் கேட்டேன். குப்பையோடு போய்விட்டது என்றார்கள்.

மூன்று வாரத்தில் இடது முன்சக்கரத்தில் அதே ஒலி திரும்பியது. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். சென்ற வியாழக்கிழமை தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, முன்னால் சரக்கு லாரிகள் வரிசையாக ஊர்ந்ததால் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே வந்தேன். பாதி இறக்கத்தில் பெடல் பஞ்சுபோல் மெத்தென்று ஆகி, ஏறக்குறைய தரை வரை உள்ளே போய்விட்டது. நான்கைந்து முறை விட்டுவிட்டு மிதித்த பிறகே வண்டி நின்றது. பின்னிருக்கையில் அம்மா கண்மூடிச் சாய்ந்திருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நானும் இதுவரை சொல்லவில்லை. ஓரம் கட்டி அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருந்தது. மறுநாள் அதே பட்டறைக்குப் போனேன். சமதரையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, "நன்றாகத்தானே பிடிக்கிறது" என்று அனுப்பிவிட்டார்கள்.

2020 டிசம்பரில் இதே இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்த லாரி ஒன்று, நெரிசலில் நின்ற வாகனங்கள் மீது மோதி நான்கு பேர் இறந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சாலையில் வாரம் ஒரு முறை அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிறவன் என்பதால், பழுது எதுவாக இருக்கும் என்பதையும், யாரிடம் போகலாம் என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற பணிமனைத் தொழிலாளி, நல்லம்பள்ளி

தம்பி, முதலில் ஒன்று: வேலை முடியும்வரை இந்தக் காரைக் கணவாயில் இறக்காதீர்கள். வரும் வியாழக்கிழமை அம்மாவைப் பேருந்திலோ வாடகைக் காரிலோ அழைத்துப் போங்கள்.

நான் அரசுப் போக்குவரத்துப் பணிமனையில் 29 ஆண்டுகள் பிரேக் பிரிவில் இருந்தவன். பேருந்தில் இருப்பது காற்று பிரேக், உங்களுடையது ஆயில் பிரேக், அமைப்பு வேறு. ஓய்வுக்குப் பிறகு உறவினர் பட்டறையில் கார் வேலையும் பார்த்து வருவதால் சொல்கிறேன். சூட்டில் பெடல் இறங்கியது, ஆறியதும் கெட்டியானது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது என்றே தோன்றுகிறது. பெயர்தான் ஆயில், அது எண்ணெய் இல்லை, கிளைக்கால் என்ற வேதிப்பொருள் சேர்ந்த திரவம். காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 என்றால் 205 டிகிரியும் 140 டிகிரியும். தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கும்போது ஏறுகிற சூட்டுக்கு, ஈரம் ஏறிய ஆயில் தாங்காது. உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் விசை சக்கரத்துக்குப் போகும். ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும், பெடல் உள்ளே போகும். ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடுவதால் பட்டறைக்காரர் சமதரையில் ஓட்டும்போது குறை தெரிவதில்லை. அவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்கவில்லை.

பேட் மாற்றியபோது ஆயில் மாற்றினார்களா என்று நீங்கள் எழுதவில்லை. மாற்றியிருந்தால் அந்தத் தொகையையும் தனியாகச் சொல்லியிருப்பார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுதாக மாற்ற வேண்டிய பொருள் அது. நம் ஊரில் குறைந்தால் மேலே ஊற்றிவிடுவதோடு சரி என்று இருக்கிறோம்.

இன்னொரு சோதனையையும் வீட்டிலேயே செய்துவிடுங்கள். வண்டி ஆறியிருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். அது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பரிலோ வேறெங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். அசையாமல் நின்றால் என் ஐயம் ஆயில் மீதுதான்.

இடது சக்கர ஒலிக்குக் காரணம், காலிபரின் பின் (கம்பி போன்ற ஆணி) இறுகியிருப்பதாக இருக்கலாம். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற வட்டத் தகட்டின் மேல் பேட்டை அழுத்தும் பிடிதான் காலிபர். காலிபர் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர வேண்டும். பின்னில் தடவிய கிரீஸ் காய்ந்து துரு ஏறினால் காலிபர் திரும்பி வராமல், உள்பக்கப் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். பேட்டும் விரைவில் தேயும், சூடும் ஏறும். அந்தச் சூடு ஆயிலைக் கொதிக்கவைப்பதில் சேர்ந்துகொள்ளும். உங்கள் இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

பட்டறை பெயர் கேட்டீர்கள். உறவினர் பட்டறையைச் சொன்னால் சரியாக இருக்காது. அதனால் எவ்விடம் போனாலும் என்ன கேட்பது என்பதைச் சொல்கிறேன். சக்கரத்தைக் கழற்றும்போது அருகில் நிற்க விட வேண்டும். பேட்டின் கனத்தை அளந்து காட்ட வேண்டும். புதிதில் பொதுவாகப் பத்து மில்லிமீட்டர் அளவில் இருக்கும், மூன்றுக்கு வந்தால் மாற்ற வேண்டும். பின்சக்கரத்தில் ஷூவை மூடியிருக்கும் டிரம்மைக் கழற்றி ஷூவைக் காட்ட வேண்டும். டிரம் துருப்பிடித்து இறுகியிருந்தால் கழற்றுவது சிரமம் என்பதால் பல இடங்களில் அந்த வேலையைத் தட்டிக்கழிப்பார்கள். பிரேக் ஆயில் உடைக்காத டின்னாக வர வேண்டும். திறந்து வைத்த டின் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். உங்கள் ஆயில் டப்பா மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ அச்சிட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவரிடம் வண்டியை விட வேண்டாம்.

பதில் 2: ராயக்கோட்டை சாலை, கிருஷ்ணகிரி

வணக்கம் சார். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் கார் ஓட்டிப் போய்வருகிறேன். பெண்ணாகத் தனியாகப் பட்டறைக்குப் போனால், "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது மேடம்" என்ற பதிலையே பல இடங்களில் கேட்டிருக்கிறேன். அதனால் மெக்கானிக்கைத் தேடும் முறையையே மாற்றிக்கொண்டேன். அது உங்களுக்கும் உதவும்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய்க் கேளுங்கள். ஊரில் எந்தப் பட்டறைக்காரர் எந்தப் பொருளை வாங்குகிறார் என்பது கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். ஒரு நாள் மாலை, எங்கள் பகுதிக் கடையில் வைப்பர் பிளேடு வாங்க நின்றபோது இரண்டு பட்டறைப் பையன்கள் வந்தார்கள். ஒருவன், "எதுவாக இருந்தாலும் சரி, இருப்பதிலேயே மலிவான பேட் கொடுங்கள்" என்றான். இன்னொருவன் வண்டியின் மாடலும் ஆண்டும் எழுதிய சீட்டைக் கொடுத்து, ரானே அல்லது டி.வி.எஸ். கர்லிங் நிறுவனப் பேட் இருந்தால் மட்டும் தரச் சொன்னான். கூடவே காலிபர் பின்னுக்குத் தடவும் கிரீஸ் பாக்கெட்டையும் கேட்டு வாங்கினான். இரண்டாவது பையன் எந்தப் பட்டறை என்று கடைக்காரரிடம் விசாரித்து அங்கே போனேன். நான்கு ஆண்டுகளாக வேறெங்கும் போகவில்லை. அந்தக் கிரீஸ் பாக்கெட் மிகக் குறைந்த விலைப் பொருள். அதை மறக்காமல் வாங்குகிறவர் வேலையையும் முழுதாகச் செய்வார் என்பது அன்று என் கணக்கு.

டாக்ஸி ஓட்டுநர்களிடமும் கேட்கலாம், ஆனால் ஒரு எச்சரிக்கை. விரைவாக முடித்துக் கொடுக்கிற இடத்தையே பெரும்பாலும் சொல்வார்கள். வண்டி நின்றால் அவர்களுக்கு அன்றைய வருமானம் போய்விடும். ஒகேனக்கல் அல்லது ஏற்காடு சவாரி அடிக்கடி போகிறவர் கிடைத்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள். மலைச்சாலையில் ஓட்டுகிறவர் பிரேக்கில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் பில்லும் உத்தரவாதமும் முறையாக இருக்கும். ஆனால் உள்ளே நின்று பார்க்கப் பல இடங்களில் விடுவதில்லை. அங்கே போவதானால் செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டு எழுதும்போதே, "பழைய பொருள்களை உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும்" என்று எழுதச் சொல்லுங்கள். மாலையில் வாயால் கேட்டால் கிடைக்காது.

பதில் 3: பாலக்கோடு வாசி

இனி எந்தப் பட்டறையிலும் பொருள் தனி, கூலி தனி எனப் பிரித்த பில் வாங்குங்கள். துண்டுத் தாளோடு வாதாடுவது கடினம். மாற்றாத பொருளுக்குப் பணம் வாங்கியது உறுதியானால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதியலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. பணம் அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த பட்டறையில் கழற்றும்போது கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வதும் நல்லது.

கேட்டவர் மீண்டும் (ஒன்பது நாள்களுக்குப் பிறகு)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சென்ற வியாழன் அம்மாவைப் பேருந்தில் அழைத்துப் போனேன். கிருஷ்ணகிரி சகோதரி சொன்னபடியே இரண்டு ஸ்பேர் கடைகளில் விசாரித்தேன்; இருவரும் ஒரே ஆளைச் சொன்னார்கள். பென்னாகரம் சாலையில் ஒரு சிறிய பட்டறை, வெளியே பலகைகூட இல்லை. நான் கேட்பதற்கு முன்பே அவர் ஒரு முக்காலியை எடுத்துப் போட்டு, "உட்கார்ந்து பாருங்கள்" என்றார்.

இடது முன்சக்கரத்தைக் கழற்றியதும் ஐயா சொன்னது அப்படியே தெரிந்தது. வெளிப்பக்கப் பேட் ஏழு மில்லிமீட்டர், உள்பக்கப் பேட் மூன்றுகூட இல்லை. காலிபரின் கீழ்ப்பின்னைக் கையால் அசைக்க முடியவில்லை. சுத்தியால் தட்டி வெளியே எடுத்தபோது செம்மண்ணில் புரட்டியதுபோல் துருப்பிடித்திருந்தது. அடுத்து பின்சக்கர டிரம். பழைய பட்டறையில் மாற்றியதாகப் பணம் வாங்கிய ஷூ, வண்டியோடு வந்த அதே ஷூதான். விளிம்பில் வெடிப்பு விட்டிருந்தது. எல்லாவற்றையும் படம் எடுத்திருக்கிறேன். பிரேக் ஆயிலை ஒரு கண்ணாடிப் புட்டியில் இறக்கிக் காட்டினார், கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. புது டின்னை என் முன்னே உடைத்து, ஒரு பையன் பெடலை மிதிக்க, இவர் இடது பின்சக்கரத்தில் தொடங்கி நான்கு சக்கரத்திலும் நிறம் தெளியும்வரை ஏர் எடுத்தார், அதாவது குழாயிலிருந்த பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றினார். பிரித்து எழுதிய பில்லில் மொத்தம் 5,150 ரூபாய். பழைய பேட்டும் ஷூவும் இப்போது என் வீட்டில் ஒரு பையில் இருக்கின்றன. பில் தராத பட்டறைக்கு அவற்றோடு ஒரு முறை நேரில் போய்ப் பேசிவிட்டு, பிறகு 1915இல் பதிவதைப் பற்றி முடிவு செய்வேன்.

ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும். டிஸ்க்கில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு வரிகள் இருந்தன. லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கொடுத்துச் சமன் செய்ய வேண்டாமா என்று கேட்டேன். அளந்து பார்த்து, தேவையில்லை என்று சொல்லிவிட்டார். அது சரியா?

பதில் 1, மறுபடியும்

சரியாகவே சொல்லியிருக்கிறார் தம்பி. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். அந்த அளவுக்கு மேல் இருந்து, மிதிக்கும்போது பெடலிலோ ஸ்டீயரிங்கிலோ அதிர்வு இல்லையென்றால், மெல்லிய வரிகளுக்காக இழைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை இழைக்கும்போதும் டிஸ்க் மெலியும், மெலிந்த டிஸ்க் விரைவில் சூடேறும். கூலி கிடைக்கும் வேலையை வேண்டாம் என்று சொன்ன ஆளை விட்டுவிடாதீர்கள்.

புதுப் பேட் டிஸ்க்கோடு பொருந்த இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை திடீரென்று ஓங்கி மிதிப்பதைத் தவிருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நான்கு சக்கர நட்டுகளையும் ஒரு முறை முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தொப்பூரில் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே மூன்றாவது கியருக்கு வாருங்கள். லாரி வரிசை இருந்தால் இரண்டாவது. நியூட்ரலில் ஒருபோதும் இறங்க வேண்டாம். எஞ்சின் வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். பிரேக்கை மிதித்து, வேகம் குறைந்ததும் காலை எடுத்து ஆறவிட்டு மறுபடி மிதியுங்கள். முதல் வியாழக்கிழமை இறக்கம் முடிந்ததும் ஓரமாக நிறுத்தி, நான்கு சக்கரத்தின் அருகிலும் புறங்கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். இடது முன்சக்கரம் மட்டும் வலதைவிடக் கூடுதலாக அனல் அடித்தால் அந்தப் பின்னை மறுபடி பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.