ஈசிக்கு 'உப்பளவு' சரியா வராது

மண், பாசனத் தண்ணி பரிசோதனைச் சொற்களுக்குத் தமிழ்ப் பட்டியல் போடுறப்ப, ஈசிக்கு (EC, electrical conductivity, அதாவது மின்சாரத்தைக் கடத்துற அளவு) 'உப்பளவு'ன்னு வெச்சுடலாம்ங்கிறதுல எனக்கு உடன்பாடில்லீங்க. கேக்க எளிமையாத்தான் இருக்கு, ஆனா அந்த மீட்டர் உப்பை அளக்கவே இல்லையே, தண்ணில கரைஞ்சிருக்கிற அயனிங்க மின்சாரத்தை எவ்வளவு கடத்துதுன்னுதான் பாக்குது. காய்ச்சி வடிச்ச தண்ணில சர்க்கரையக் கரைச்சு மீட்டரை விட்டுப் பாருங்க, எண் அசையாது, அதுலயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டா விறுவிறுன்னு ஏறும். யூரியாவும் சர்க்கரை மாதிரிதான், கரையும், அயனியா பிரியாது.

டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கிற மொத்தப் பொருள்) மீட்டர்னு விக்கிறதும் உள்ளுக்குள்ள ஈசி மீட்டரேதான், வந்த எண்ணை 0.5 ஆலயோ 0.7 ஆலயோ பெருக்கி பிபிஎம்னு (பத்து லட்சத்துல எத்தனை பங்குன்னு) காட்டிடுது, அதனாலதான் ஒரே தண்ணிக்கு ரெண்டு மீட்டர் ரெண்டு கணக்கு சொல்லுது. சூடு வேற இருக்கு, ஒரு டிகிரி ஏறினா கடத்துறது ஏறக்குறைய 2 சதவீதம் கூடிரும், அதான் 25 டிகிரிக்குச் சரிக்கட்டி எழுதுறாங்க.

அதனால அளவுக்கு 'மின்கடத்துமை', கருவிக்கு 'கடத்துமானி'. கருவியோட பேர்ல 'மின்' இல்லாட்டி வெப்பத்தைக் கடத்துறதுன்னு நினைச்சுக்குவாங்களாம், பாசனத் தண்ணி ரிப்போர்ட்ல யாருங்க வெப்பக் கடத்தலைத் தேடப் போறா!

'உப்பு'ன்னு பொதுவா வெச்சா இன்னொரு வம்பும் இருக்கு. உவர், களர்னு ரெண்டு சொல் ஏற்கனவே தனித்தனியா புழங்குது, அதை ஒண்ணாக் கலக்கக் கூடாது. மண்ணை நிறைஈரமாக் குழைச்சு வடிச்ச சாறுல ஈசி 4 டெசிசீமென்ஸ்/மீட்டருக்கு (dS/m) மேல போனா உவர், அதுக்கு நல்ல தண்ணி கட்டி உப்பை வேருக்குக் கீழ இறக்கி வடிச்சு விடணும். களர்ங்கிறது சோடியம் பண்ற வேலை, களித்துகளெல்லாம் பிரிஞ்சு துளையை அடைச்சிடும், தண்ணி மேலயே நிக்கும், காஞ்சா ஓடு கட்டிக்கும், அதுக்குத்தான் ஜிப்சம். இதுல கொடுமை என்னன்னா சோடியம் மிகுந்த தண்ணில ஈசி குறைவா இருந்தாத்தான் மண்ணுக்கு இன்னும் கெடுதல், மீட்டரை மட்டும் பாத்துட்டு நல்ல தண்ணின்னு பாய்ச்சிடுவாங்க. ஆகவே 'உவர்மை', 'களர்மை' ரெண்டும் தனித்தனியா பட்டியல்ல வரணும்.

எஸ்ஏஆருக்குத்தான் (SAR, sodium adsorption ratio, கால்சியம், மெக்னீசியத்தோட ஒப்பிட்டா சோடியம் எவ்வளவுங்கிற கணக்கு) எனக்கு இன்னும் சொல் அமையல, adsorptionனா பரப்புல ஒட்டிக்கிறது. 'சோடியம் ஈர்ப்பு விகிதம்'னா புவியீர்ப்பு ஞாபகம் வருது, 'பரப்புக் கவர்ச்சி'ன்னா வேற எங்கயோ போகுது. வேதியியல் பக்கம் இருக்கிறவங்க யாராவது சொல்லுங்களேன்.