அழற்சியை மூட்டும் புரோஸ்டகிளாண்டின், டிஎன்எஃப்-ஐ ஏன் குறைக்கிறது?

கேள்வி:
எலி மேக்ரோபேஜ்களுக்கு (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) எல்பிஎஸ் (அழற்சியைத் தூண்டும் பாக்டீரிய உறைப்பொருள்) கொடுத்து, கூடவே புரோஸ்டகிளாண்டின் ஈ2-வும் சேர்த்தேன். அழற்சியைக் கூட்டும் புரதமான டிஎன்எஃப்-ஆல்ஃபா ஏறும் என்று பார்த்தால் நன்றாக இறங்கியிருக்கிறது, அழற்சியை அடக்கும் ஐஎல்-10 கூடியிருக்கிறது. வலி, வீக்கம், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் ஈ2-தான் காரணம் என்று படித்திருக்கிறேனே! எலைசாவில் (இந்தப் புரதங்களை அளக்கும் சோதனை) கோளாறா?

பதில் 1:
எலைசாவைச் சந்தேகிக்காதீர்கள், உங்கள் செல்கள் சரியாகத்தான் சொல்கின்றன. இரத்தக் குழாயை விரிப்பது, வலி நரம்பைத் தூண்டிவிடுவது, ஹைப்போதலாமஸ் வழியாகக் காய்ச்சல் ஏற்றுவது எல்லாம் ஈ2-வின் வேலைதான். மேக்ரோபேஜிடம் வந்தால் கதை வேறு. அங்கே ஈபி2, ஈபி4 ஏற்பிகளில் ஒட்டியதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு ஏறுகிறது. டிஎன்எஃப் அடங்கி ஐஎல்-10 எழுகிறது. டி செல்லிலும் இதே ஏற்பிகள்தான், அங்கே டி செல் பெருக உதவும் ஐஎல்-2 குறையும். பல புற்றுக்கட்டிகள் காக்ஸ்-2 நொதி வழியாக ஈ2-வைக் கொட்டி டி செல்லிடமிருந்து தப்பிக்கப் பார்ப்பதும் இப்படித்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு. அழற்சி இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தவை அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்திலிருந்து லியூகோட்ரையீன் பி4 செய்து வெளியே விடும். பின்னால் வருபவை பிஎல்டி1 ஏற்பியால் அதை மோப்பம் பிடித்து வந்து, தாமும் விடும். கூட்டம் கூடிக்கொண்டே போகும். அப்புறம், அங்கே சேர்ந்த ஈ2-வே நியூட்ரோஃபிலில் 15-லைபாக்சிஜனேஸ் நொதியைத் தூண்டுகிறது. பி4 குறைந்து, அழற்சியைத் தணிக்கும் லிபாக்சின் ஏ4 வருகிறது. புதிதாக நியூட்ரோஃபில் நுழைவது குறைகிறது, செத்தவற்றை மேக்ரோபேஜ் விழுங்குகிறது. 2001-இல் இந்த மாற்றத்தைக் காட்டினார்கள். அழற்சி தானாக ஓய்ந்துபோவதில்லை, வேலை செய்து ஓய்கிறது என்பதை அதைப் படித்த பிறகுதான் நான் மனதார நம்பினேன்.

பதில் 2:
ஈ2-வை எத்தனாலில் கரைத்தீர்களா, டிஎம்எஸ்ஓ-விலா? கரைப்பானை மட்டும் அதே அளவு போட்ட வெல் (பிளேட்டில் செல் வளரும் குழி) இருக்கிறதா? இன்னொன்று: எல்பிஎஸ் பட்ட மேக்ரோபேஜ் காக்ஸ்-2 கொண்டு தானே ஈ2 செய்யும். காக்ஸைத் தடுக்கும் இண்டோமெத்தசின் போட்டு அதை நிறுத்தினால் டிஎன்எஃப் இன்னும் ஏற வேண்டும். அதையும் பாருங்கள்.

கேட்டவர்:
எத்தனால். அது மட்டும் போட்ட வெல்லில் டிஎன்எஃப் குறையவில்லை. சரி, அடுத்த பிளேட்டில் இண்டோமெத்தசினும் உண்டு, ஈபி4 தடுப்பானும் உண்டு.

பதில் 1:
ஈபி2 தடுப்பானையும் தனி வெல்லில் வையுங்கள். ஈபி4-ஐ மட்டும் அடைத்தால் ஈபி2 மிச்ச வேலையைப் பார்த்துவிடும்.