புறக்கோட்டையில் ஒளி இரவு: சுவரில் படம் போடுவதா, தெருவுக்கு விளக்கு வைப்பதா?

குறுக்குத்தெரு:
சிங்கப்பூரில் 2008 முதல் ஓர் இரவு விழா நடக்கிறது. பிராஸ் பாசா, பூகிஸ் பக்கத்துப் பழைய கட்டடங்கள்தான் மேடை. தேசிய அருங்காட்சியகத்தின் வெள்ளை முகப்புதான் திரை. அதுபோல கொழும்பில் கோட்டை–புறக்கோட்டையில் மூன்று இரவு நடத்துவதென்றால் காசை எதில் போடுவது? அதைத்தான் இங்கே கேட்கிறேன்.

என் கட்சி: பெரிய முகப்புகளில் புரொஜெக்டர் படம். சிவப்புப் பள்ளிவாசல் (1909), புறக்கோட்டைப் பழைய நகர மண்டபம் (1873), கோட்டையில் 1906ஆம் ஆண்டுக் கார்கில்ஸ் கட்டடம். கடைகள் பூட்டியதும் குறுக்குத் தெருக்கள் வெறிச்சோடிவிடும். அந்த நேரத்தில் சனத்தை உள்ளே இழுக்க மின்குமிழ் மாலை காணாது, சுவர் அசைய வேண்டும்.

மின்வாரி:
சுவர் அசையும், படம்தான் தெரியாது. கணக்கைப் பாருங்கள். 20,000 லூமென் (வெளிவிடும் ஒளியின் அளவு) புரொஜெக்டர், 20 மீற்றர் அகலம், 12 மீற்றர் உயரம் என்றால் 240 சதுர மீற்றர். வகுத்தால் ஒரு சதுர மீற்றரில் விழும் ஒளி 83 லக்ஸ். லென்சிலும் சுவருக்கு வெளியே சிந்துவதிலும் போனது போக 65 மிஞ்சும். தெருவிளக்கு 15 லக்ஸ் விழுந்தால் படத்தின் வெளிச்சம் அதைப்போல நாலு மடங்கு சொச்சம்தான். அதில் கறுப்பு சாம்பலாகும், சிவப்பு ரோசாவாகும். இத்தனையும் சுவர் வெள்ளையாக இருந்தால்தான். சிங்கப்பூர் அருங்காட்சியகம் வெள்ளை, நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டு சிவப்பு.

குறுக்குத்தெரு:
இரண்டு புரொஜெக்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் 130 லக்ஸ். மாநகர சபையிடம் சொல்லித் தெருவிளக்கை மறைக்கலாம். பௌர்ணமியைத் தவிர்த்து நாள் குறித்தால் இன்னும் நல்லது.

மின்வாரி:
நிலாவை விடுங்கள். முழு நிலவு அரை லக்ஸ்கூடத் தராது. தெருவிளக்கை முழுக்க அணைக்கவும் முடியாது: காலடியில் வடிகான் மூடி, கைவண்டி, கல். 3 லக்ஸாவது நடைபாதையில் வேண்டும். விளக்குக்கு மூடி போட்டுச் சுவர்ப் பக்கத்தை மட்டும் மறைத்தால் சரிவரும். ஆனால் கடைப் பெயர்ப்பலகைகள்? ஒவ்வொரு முதலாளியிடமும் தனித்தனியாகப் போய்க் கேட்க வேண்டும். ஒரு பலகை எரிந்தாலும் அந்த மூலை வெளிறிப்போகும்.

அடுத்தது தூரம். சாதாரண லென்சுக்கு 20 மீற்றர் படம் வேண்டுமானால் 20 மீற்றருக்கும் மேல் பின்னால் நிற்க வேண்டும். இரண்டாம் குறுக்குத் தெருவில் எதிர்க் கடையின் சுவர்தான் இருக்கும். குறுந்தூர லென்ஸ் போட்டால் மாடத்துக்கும் வளைவுக்கும் மேலே நீள நிழல் விழும். எதிர் மொட்டைமாடியில் ஏற்றினால் கட்டடக்காரரின் சம்மதமும் தளம் தாங்குமா என்ற பொறியியலாளரின் கையெழுத்தும் வேண்டும்.

சோனகத்தெரு:
தம்பி, சிவப்புப் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. அது தொழுகை நடக்கிற இடம். மனித உருவம், மிருக உருவம் எதுவும் அந்தச் சுவரில் விழக்கூடாது. இஷா, அதாவது இரவுத் தொழுகை, ஏழரையை ஒட்டி வரும், ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) முடிந்து ஆட்கள் கலைய எட்டு தாண்டும். அதற்கு முன்னால் ஒரு விளக்கும் ஆடக்கூடாது. அதோடு நாளையும் பார்க்க வேண்டும். 2027இல் நோன்பு பெப்ரவரி 8ஐ ஒட்டித் தொடங்கும். பிறகு ஒரு மாதத்துக்கு இரவில் தராவீஹ் தொழுகை. அந்த மாதத்தில் இந்தப் பேச்சே வேண்டாம்.

இனி விசயத்துக்கு வருகிறேன். அந்தக் கட்டடத்துக்குப் படமே தேவையில்லை. சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரிகள். அதன்மேல் சுத்தச் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுங்கள்: வெள்ளை வரியும் சிவப்பாகிவிடும், வரிகள் மறைந்து முழுக் கட்டடமும் ஒரே கட்டியாக நிற்கும். மெதுவாக நீலப்பச்சைக்கு மாற்றுங்கள்: சிவப்பு வரி அந்த ஒளியை விழுங்கிக் கறுப்பாகும், வெள்ளை வரி மட்டும் நீலப்பச்சையாக எரியும். ஒரே இடத்தில் வரிகள் போகும், வரும். புரொஜெக்டர் வேண்டாம், நிறம் மாறும் எல்.ஈ.டி. பாய்விளக்கு போதும். நிர்வாக சபை சம்மதித்தால் மட்டும்.

குறுக்குத்தெரு:
நானா, இது நல்ல பொயின்ட். பள்ளியை என் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் ஒரு கட்டடத்துக்கு மட்டும் பொருந்துகிற வித்தையை வைத்து மூன்று இரவு ஓட்ட முடியாது.

பந்தல்காரன்:
ஏன் முடியாது? ஒளியில் கதை சொல்கிற கலை கொழும்பில் ஏற்கெனவே இருக்கிறது. பொரளையிலும் தொட்டலங்கையிலும் வெசாக் பண்டிகைக்குக் கட்டும் மின்குமிழ்ப் பந்தல் முன்னால் நிற்கிற சனத்தை எந்தப் புரொஜெக்டர் இழுக்கும்?

பந்தலின் ஓட்டத்தைச் செய்வது ஒரு மர உருளை. அதன்மேல் செப்புத் தகடுகளை வெவ்வேறு நீளத்தில் அறைந்திருப்பார்கள். சின்ன மோட்டர் சுற்ற, வில்போல வளைந்த உலோக விரல்கள் தகட்டைத் தொட்டும் விட்டும் போகும். தகட்டின் நீளம் எவ்வளவோ அவ்வளவு நேரம் அந்த வரிசை எரியும். வெளிச்சம் ஒரு திசையில் ஓடுவதுபோலத் தெரிய ஆகக்குறைந்தது மூன்று வரிசை வேண்டும். இரண்டு வைத்தால் மினுக்கும், ஓடாது. புதிதாகக் கட்டுகிறவர்கள் விடுகிற முதல் பிழை இது.

இரண்டாவது பிழை பெரிது. 9,000 குமிழ், ஒவ்வொன்றும் 15 வாட், ஒரு நேரத்தில் மூன்றில் ஒன்று எரிகிறது என்றால் 45 கிலோவாட். மூன்று வரிசைக்கு மூன்று ஃபேஸ் (மின்சாரம் வரும் கம்பி) என்று பிரித்தால் கணக்கு அழகாக இருக்கும், ஆனால் எரிகிற வரிசையின் முழுச் சுமையும், கிட்டத்தட்ட 195 அம்பியர், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் விடாமல் ஓடும். ஒவ்வொரு வரிசையையும் மூன்று ஃபேசுக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும். அப்போது ஃபேசுக்கு 65 அம்பியர், நியூட்ரலில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. உருளையில் மூன்றுக்குப் பதில் ஒன்பது பாதை வரும், அவ்வளவுதான் கூடுதல் வேலை. குமிழை 1 வாட் எல்.ஈ.டி.க்கு மாற்றினால் எல்லாம் 3 கிலோவாட்டுக்குள் அடங்கும்.

தகட்டின் விளிம்பு தீப்பொறியில் கருகும். ஒவ்வோர் இரவும் மின்னைத் துண்டித்துவிட்டு மணல்தாளால் தேய்க்காவிட்டால் மூன்றாம் இரவு பாதி வரிசை தடுமாறும்.

குறுக்குத்தெரு:
அண்ணை, கலையை மதிக்கிறேன். ஆனால் அதே பந்தலை, அதே வெசாக் கூட்டை (காகித விளக்கை) வேறு மாதத்தில் வைத்தால் அது வெசாக்கின் பிரதியாகத்தானே இருக்கும்? அதோடு பந்தல் சமயக் கதைக்குக் கட்டப்படுவது. செட்டியார் தெருவிலிருந்து புறப்படுகிற ஆடிவேல் தேர், கொம்பனித்தெரு மலாய் மக்கள், கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா எல்லாவற்றையும் அந்தச் சட்டகத்துக்குள் திணிக்க முடியாது. முகப்புப் படத்தில் எல்லாருடைய கதையும் வரலாம்.

பந்தல்காரன்:
கதையை விடுங்கள், உருளையை எடுங்கள் என்கிறேன். ஒன்பது பாதை உருளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் தெருமுனையில் எல்லாரும் பார்க்கச் சுழலவிட்டால் அதுவே ஒரு காட்சி. ஒரு தெரு முழுக்க ஓடுகிற வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள். ஒன்று மட்டும்: பார்வைக்கு வைக்கிற உருளையில் 230 வோல்ட் கூடாது. 24 வோல்ட் டி.சி.யை ஓடவிட்டு, பெட்டிக்குள் ரிலே சுவிட்ச் வைத்துப் பெரிய சுமையை மாற்றுங்கள்.

கொச்சிக்கடை:
எல்லாரும் வெளிச்சத்தைக் கணக்குப் பார்க்கிறீர்கள், ஆட்களை யாரும் பார்க்கவில்லை.

குறுக்குத் தெருவில் நிறுத்திய லொறி, கைவண்டி போக நடக்கக் கிடைப்பது 4 மீற்றர் என்று வையுங்கள். சமதரையில் ஒரு மீற்றர் அகலத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 பேர் கடக்கலாம். 4 மீற்றருக்கு 320 பேர். 8 நிமிடப் படத்துக்கு 3,000 பேர் நின்றால், முடிந்ததும் வெளியேற 9 நிமிடத்துக்கு மேல். அதற்குள் அடுத்த காட்சி தொடங்கிவிடும், புதிய கூட்டம் எதிரே வரும். இன்னொன்று: சதுர மீற்றருக்கு 3 பேர் வீதம் 3,000 பேர் நிற்க 1,000 சதுர மீற்றர் வேண்டும். 4 மீற்றர் தெருவில் அது 250 மீற்றர் நீளம். கடைசியில் நிற்கிறவருக்கு முன்னால் நிற்கிறவரின் போன் திரைதான் தெரியும்.

ஆகவே ஒடுங்கிய தெருவில் தொடக்கமும் முடிவும் உள்ள எதையும் வைக்காதீர்கள். மெதுவாக நிறம் மாறும் பள்ளி, ஓடும் வெளிச்சம் போன்றவை சரி. ஆள் வருவார், பார்ப்பார், நகர்வார். ஒரு முனையில் நுழைவு, மறுமுனையில் வெளியேற்றம், நடுவில் திரும்பக்கூடாது. எட்டு நிமிடக் கதை வேண்டுமானால் கடலோரத்துக் காலிமுகத்திடலுக்குப் போங்கள். 1859 முதல் அந்தத் திடல் திறந்தே கிடக்கிறது.

நிகழ்த்துகலைக்கும் இதே விதி. இரண்டு பக்கச் சுவருக்கும் இடையில் ஒலிபெருக்கி வைத்தால் எதிரொலியில் ஒரு சொல்லும் விளங்காது. தவில், நாதஸ்வரம், றபான் (கைப்பறை) எல்லாம் ஒலிபெருக்கி இல்லாமலே தெருவை நிரப்பும். ஒலிபெருக்கி வைத்தாலும் இரவு 10க்கு நிறுத்த வேண்டும், 2007ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பு அது.

குறுக்குத்தெரு:
சரி, திடலுக்குப் போகலாம். 1930ஆம் ஆண்டுப் பழைய நாடாளுமன்றக் கட்டடம் வெளிர் நிறம், முன்னால் வேண்டிய அளவு இடம். இப்போது மின்வாரி என்ன சொல்லப் போகிறார்?

மின்வாரி:
அது ஜனாதிபதி செயலகம் என்பதை முதலில் சொல்வேன். அனுமதி கிடைத்தது என்றே வைப்போம். முன்னால் வரிசையாகத் தூண்கள். நடுவில் ஒரு புரொஜெக்டர் மட்டும் வைத்தால், அதன் பக்கத்தில் நிற்கிறவருக்குப் படம் முழுசாகத் தெரியும். பக்கவாட்டில் நிற்கிறவருக்கு ஒவ்வொரு தூணின் பின்னாலும் கறுப்புக் கோடு. இடமும் வலமுமாக இரண்டு வைத்து ஒன்றின் நிழலை மற்றது நிரப்பவேண்டும். தூணுக்குத் தனிப் படம், பின்சுவருக்குத் தனிப் படம். இது வேலைதான், ஆனால் செய்யலாம். இந்த இடத்தில் உங்கள் கட்சியை ஒத்துக்கொள்கிறேன்.

புரொஜெக்டரை ஏற்றி வைக்கும் கோபுரம்தான் பிரச்சினை. கடற்காற்றில் சாரக்கோபுரம் 0.05 பாகை ஆடினால் 30 மீற்றருக்கு அப்பால் படம் 26 மில்லிமீற்றர் நகரும். 20 மீற்றர் படத்தில் அகலவாட்டில் 1,920 புள்ளி என்றால் ஒரு புள்ளி 10 மில்லிமீற்றர். அதாவது இரண்டரைப் புள்ளி ஆட்டம். தூண் விளிம்பில் வரைந்த கோடு நடுங்குவது எல்லார் கண்ணிலும் படும். அடியில் 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கிகளைக் கட்டி வையுங்கள், தரையில் ஆணி அடிக்க வேண்டாம். சனம் ஏறும் படிக்கட்டும் கோபுரமும் ஒட்டக்கூடாது.

புரொஜெக்டரைத் தார்பாயால் மூடினால் மழை வராது, வெப்பமும் போகாது. வெளித்தள்ளிய சூடான காற்றையே திரும்ப இழுத்து அரை மணியில் தானாக அணையும். உள்காற்று ஒரு பக்கம், வெளிக்காற்று மறுபக்கம் என்று தகரத்தால் பிரியுங்கள். ஏ.சி. அறையிலிருந்து எடுத்து வந்த உடனே மூட்டாதீர்கள். கொழும்பு ஈரக்காற்றில் லென்சுக்குள்ளேயே பனி படியும். ஒரு மணி நேரமாவது வெளியில் இருக்கட்டும்.

புறக்கோட்டைப் பக்கம் கேபிளும் ட்ரிப் சுவிட்சும்தான் ஆளைக் கொல்லும். 100 மீற்றர் தூரத்துக்கு 40 அம்பியர் கொண்டுபோக 6 சதுர மில்லிமீற்றர் செப்புக் கேபிள் போட்டால் போய்வர 24 வோல்டுக்கு மேல் விழும், 230 என்பது 205 ஆகும். 16 போட்டால் இழப்பு 9 வோல்ட். மிச்சக் கேபிளை உருளையில் சுற்றியபடி விடாதீர்கள், சூட்டில் உறை உருகும்.

ட்ரிப் சுவிட்ச் என்பது மின் கசிந்தால் தானாகத் துண்டிப்பது. 30 மில்லி அம்பியர் சுவிட்ச் கசிவு 15க்கு மேல் போனால் எப்போது வேண்டுமானாலும் விழலாம். ஒவ்வோர் எல்.ஈ.டி. பாய்விளக்கும் நல்ல நிலையிலேயே அரை மில்லி அம்பியர் கசியவிடும். 40 விளக்கை ஒன்றில் கட்டினால் 20. மழை வராமலே விழும், ‘சுவிட்ச் பழுது’ என்று ஒருவர் அதை நேரடியாக இணைத்துவிடுவார். அங்கேதான் சாவு வரும். ஒரு சுவிட்சுக்கு 12 விளக்கு, அதற்கு மேல் வேண்டாம். இணைப்புகள் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் இருக்கட்டும். பெட்டிக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கொச்சிக்கடை:
பழைய கட்டடங்களில் சுண்ணாம்புச் சாந்து. துளை போட்டால் ஒரு கைப்பிடி உதிரும். தொல்பொருள் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ளவை 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும். எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு கிளாம்ப்கூடப் பூட்டக்கூடாது. விளக்குகளைத் தரையில் பாரமான அடித்தட்டில் நிறுத்துங்கள்.

இன்னொன்று, யாராவது விகாரமகாதேவி பூங்கா மரங்களுக்கு ஒளி போடலாம் என்று தொடங்க முன்: அங்கே பழந்தின்னி வௌவால்கள் தங்குகின்றன. அந்த மரங்களை விட்டுவிடுங்கள்.

குறுக்குத்தெரு:
அப்போது மாதம்? ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. மே முதல் தென்மேற்குப் பருவக்காற்று. மிஞ்சுவது ஜனவரி, பெப்ரவரி.

சோனகத்தெரு:
பெப்ரவரி 4 சுதந்திர தினம், அதற்கு முந்திய நாட்களில் ஒத்திகை, வீதித் தடை. பிறகு நவம் பெரஹர என்ற விகாரை ஊர்வலம். 2027 என்றால் நோன்பும் சேரும். ஜனவரியில் பொங்கல் முடிந்து, களனி துருத்து பெரஹரவோடு முட்டாத மூன்று இரவு பாருங்கள். பெரஹர நாளில் பொலிஸும் கிடைக்காது, ஜெனரேட்டரும் கிடைக்காது. சூரியன் ஆறே காலை ஒட்டி மறையும், திடலில் ஏழுக்குத் தொடங்கலாம். பள்ளித் தெருவில் எட்டே கால்.

குறுக்குத்தெரு:
பழைய நகர மண்டபத்தை மட்டும் விட்டுத்தர மாட்டேன். அதற்கு எதிரே ஆள் நிற்க இடம் இருக்கிறது.

மின்வாரி:
எவ்வளவு இடம்? அளந்துவிட்டுச் சொல்லுங்கள். சுவரிலிருந்து எதிர் விளிம்புவரை மீற்றர் கணக்கு, இரவு 9 மணிக்குச் சுவர்மேல் விழும் லக்ஸ், எரிகிற பெயர்ப்பலகைகளின் எண்ணிக்கை. இந்த மூன்றும் வந்தால் லென்ஸ் எது என்று நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். சுவர்மேல் விழும் வெளிச்சம் 5 லக்ஸுக்கு மேல் என்றால் பந்தல்காரன் அண்ணையின் உருளையை அங்கே வைத்துவிடுங்கள்.