மார்க் 2 அம்பாசடரில் இசுஸு 1.8 இன்ஜின்: நேராக உட்காருமா?

திருச்சி_மார்க்2

வணக்கம். வண்டி 1972 மார்க் 2. பாடியும் அடிச்சட்டமும் துருவில்லாமல் நன்றாக இருக்கின்றன. பிரச்சினை இன்ஜின்தான். 1489 சிசி பிளாக்கில் வாட்டர் ஜாக்கெட் (தண்ணீர் சுற்றும் அறை) ஓரமாக விரிசல். கான்டெஸா காரில் இருந்து கழற்றிய இசுஸு 1.8 பெட்ரோல் இன்ஜினும் 5 கியர் பாக்ஸும் விலைக்கு வந்திருக்கின்றன. நாலு வழிச் சாலையில் 90-ல் நிதானமாகப் போக வேண்டும், அவ்வளவுதான் தேவை.

1. இது வெட்டாமல், வெல்டிங் இல்லாமல் உட்காருமா?
2. இன்ஜின் தவிர வேறு எதையெல்லாம் மாற்ற வேண்டும்?
3. ஆர்சியில் ஏற்றுவார்களா?

---

லேத்பட்டறை

சார், அந்தக் கான்டெஸா இன்ஜினுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் செய்ய நினைக்கும் வேலையை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே 1990-களின் தொடக்கத்தில் செய்து, அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட் என்று விற்றது. அதே 1817 சிசி இன்ஜின், 5 கியர், சுமார் 75 குதிரைத்திறன். அதனால் உங்களுக்குத் தேவை வெறும் இன்ஜின் இல்லை. உடைக்கப் போகும் முழு அம்பாசடர் 1800 ஒன்று. கான்டெஸா வேறு வண்டி. அதன் இன்ஜின் பிராக்கெட், கியர்பாக்ஸ் கிராஸ் மெம்பர், சைலன்ஸர் பைப் எதுவும் உங்கள் வண்டிக்கு நேராக வராது. இன்ஜின் மலிவாகக் கிடைத்த பணம் முழுக்க லேத்துக்கும் வெல்டிங்குக்கும் போய்விடும்.

1800-ல் இருந்து கழற்றும்போது இவை எதையும் விடாதீர்கள்: இரண்டு பக்க மவுண்டிங் பிராக்கெட், கியர்பாக்ஸ் கிராஸ் மெம்பர், ரேடியேட்டரும் அதன் ஹோஸ்களும், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸில் இருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு), கிளட்ச் மாஸ்டர், ஸ்லேவ் (பெடல் பக்க, கிளட்ச் பக்க ஆயில் சிலிண்டர்கள்), ஆக்ஸிலரேட்டர் இணைப்பு, ஸ்பீடோ கேபிள், முன் சைலன்ஸர் பைப், வயரிங்கில் இன்ஜின் பகுதி. சென்னை புதுப்பேட்டை பழைய பாகச் சந்தையில் இன்ஜினைத் தனியாகப் பேசுவார்கள், மற்றதெல்லாம் "அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். அப்புறம் கிடைக்காது.

வெட்டுவதைப் பற்றி. அம்பாசடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியோடு சேர்ந்த அமைப்பு. முன் டார்ஷன் பார்களின் (முறுங்கி ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பிகள்) பின்முனை பிடித்திருக்கும் குறுக்குச் சட்டத்தில் கேஸ் கட்டர் பட்டாலே வண்டி கெட்டது. கியர்பாக்ஸ் இடிக்கிறது என்று அதைச் செதுக்குகிற பட்டறைகள் உண்டு. அங்கே வண்டியை விடாதீர்கள். உங்கள் வண்டியில் ஸ்டீரிங் கம்பத்தில் கியர் இருக்கும். ஃப்ளோர் கியருக்குத் தளத்தில் ஒரு துளை எடுத்தே ஆக வேண்டும், அது மட்டும் தவிர்க்க முடியாதது. நீள பெஞ்ச் சீட் இருந்தால், சீட்டை முழுக்க முன்னால் தள்ளி இரண்டாவது, நாலாவது கியர் போட்டுப் பார்த்த பிறகு துளை போடுங்கள்.

உட்கார வைக்கும்போது முதலில் உள்பாகங்கள் இல்லாத காலி பிளாக், ஹெட், சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி), கியர்பாக்ஸ் கூடு இவற்றை மட்டும் செயின் பிளாக்கில் இறக்கி அளவு பாருங்கள். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் 25 மி.மீ., சம்ப்புக்கும் கீழே உள்ள எந்த இரும்புக்கும் 20 மி.மீ. இடைவெளி வேண்டும். ரப்பர் மவுண்டிங்கில் இன்ஜின் ஆடும் என்பதை மறந்து 5 மி.மீ. விட்டால் முதல் ஸ்பீடு பிரேக்கரில் சத்தம் வந்துவிடும். ஏர் கிளீனர் மேல் களிமண் உருண்டை வைத்து பானெட்டை மூடித் திறந்தால் மேல் இடைவெளி தெரியும். கார்புரேட்டர் ஃபிளேஞ்ச் தரைக்குச் சமமாக இருக்கிறதா என்று லெவல் வைத்துப் பாருங்கள். இன்ஜின் அதிகம் பின்சாய்ந்தால் ஃப்ளோட் அளவே தப்பாகி, ஏற்றத்தில் மிஸ்ஸிங் வரும்.

ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். வண்டி நாலு சக்கரத்தில் நிற்கும்போது அளக்க வேண்டும், ஜாக்கியில் அல்ல. ஸ்லிப் யோக் (ஷாஃப்ட்டின் முன்முனையில் கியர்பாக்ஸுக்குள் சறுக்கும் பாகம்) முழுதாக உள்ளே போன இடத்தில் இருந்து 20-25 மி.மீ. வெளியே நிற்க வேண்டும். முன் ஜாயிண்ட், பின் ஜாயிண்ட் இரண்டிலும் கோணம் 1 முதல் 3 டிகிரிக்குள், இரண்டுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள். அதிகமானால் 60-70 வேகத்தில் தரை முழுக்க அதிரும். அப்போது பட்டறையில் வீல் பேலன்ஸ் செய்யச் சொல்வார்கள், வீலுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. நீளம் வெட்டினால் பேலன்சிங் கட்டாயம்.

90-ல் போக வேண்டும் என்கிறீர்கள். பின் ஹவுசிங்கின் ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் சுற்றும் சுற்றுகள்) தெரியாமல் பேச முடியாது. ஒரு பின்சக்கரத்தைத் தரையில் வைத்து, மற்றதைத் தூக்கி இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். அதற்குள் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. பற்கள் 39/8 என்றால் 4.875, 41/9 என்றால் 4.555. டயர் ஒரு சுற்றுக்கு 2.05 மீட்டர் போகிறது என்று வைத்தால், நேரடி டாப் கியரில் 90-க்கு 4.875 ரேஷியோவில் சுமார் 3570 ஆர்பிஎம், 4.555-ல் 3330. ஐந்தாவது கியர் 0.85 அளவில் இருந்தால் 4.555-க்கு 2830. உங்களுக்கு நிதானம் தருவது 75 குதிரையை விட இந்த ஐந்தாவது கியர்தான்.

---

மல்டிமீட்டர்

மேலே சொன்னதில் கரன்ட் பக்கம் விடுபட்டிருக்கு, சேர்க்கிறேன்.

முதலில் பேட்டரியில் எந்த முனை பாடிக்குப் போகுதுன்னு பாருங்க. பழைய வண்டியில் பாசிட்டிவ் எர்த் இருந்தா, ஆல்டர்னேட்டர் மாட்டுறதுக்கு முன்னாடியே நெகட்டிவ் எர்த்துக்கு மாத்திடணும். மாத்தாம இணைச்சா ஆல்டர்னேட்டருக்குள்ள இருக்கிற டயோடு அந்த நொடியே போயிடும். கூடவே அம்மீட்டரில் இரண்டு வயரையும் இடம் மாத்தணும், இல்லைன்னா சார்ஜ் ஆகும்போது டிஸ்சார்ஜ் காட்டும். இக்னிஷன் காயில் முனைகளையும் மாத்துங்க. மாத்தாமலும் ஓடும், ஆனா ஸ்பார்க் பலவீனமா இருக்கும்.

டைனமோவோட கட்அவுட் பெட்டியை சர்க்யூட்டில் இருந்து எடுத்துடுங்க. ஆல்டர்னேட்டரில் இருந்து பேட்டரிக்குப் பழைய வயரை நம்ப வேண்டாம்; 45 ஆம்பியர்னா குறைஞ்சது 6 சதுர மி.மீ. காப்பர் புதுசா இழுங்க. பழைய 30 ஆம்பியர் அம்மீட்டர் வழியா முழு கரன்ட்டையும் விட்டா டேஷ்போர்டுக்குப் பின்னாடிதான் சூடாகும். அம்மீட்டரை பைபாஸ் பண்ணிட்டு வோல்ட் மீட்டர் வைக்கிறது நல்லது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரணும்.

இன்ஜினில் இருந்து பாடிக்குக் கனமான எர்த் பட்டை ஒண்ணு. இன்ஜின் இறக்கும்போது இதை மறக்காத ஆளே குறைவு. மவுண்டிங் எல்லாம் ரப்பர். பட்டை இல்லைன்னா ஸ்டார்ட்டரோட கரன்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியா திரும்பும். செல்ஃப் அடிச்சதும் சோக் கேபிள் சிவந்து புகை வந்தா காரணம் இதுதான்.

---

லேத்பட்டறை

சரியான சேர்க்கை. கூலிங்கும் பிரேக்கும் சொல்லிவிடுகிறேன்.

இசுஸுவில் ஹெட் அலுமினியம். வாங்கும் முன்பே ஹெட்டைக் கழற்றி நேர்விளிம்புச் சட்டம் வைத்துப் பாருங்கள், 0.10 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழைந்தால் சமன் செய்யாமல் மாட்டக்கூடாது. பழைய இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றிய பழக்கத்தை இதில் தொடர்ந்தால் தண்ணீர் வழிகள் அரித்துவிடும். கூலன்ட் கட்டாயம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது நம் ஊர்ப் பட்டறைப் பழக்கம், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ரேடியேட்டர் 1800-உடையதுதான் இருக்க வேண்டும். பழைய ரேடியேட்டரில் அதிக அழுத்த மூடி போட்டால் ஈயப் பற்று விடும்.

கிளட்ச்: 1800-ன் மாஸ்டரும் ஸ்லேவும் ஜோடியாக வர வேண்டும். 19 மி.மீ. மாஸ்டருக்கு 22 மி.மீ. ஸ்லேவ் மாட்டினால், மாஸ்டர் 25 மி.மீ. நகர்ந்தாலும் ஸ்லேவ் 18-19 மி.மீ.தான் நகரும். கிளட்ச் முழுதாக விடாது, ரிவர்ஸ் கியர் கடகடக்கும், பழி கியர்பாக்ஸ் மேல் விழும். கிராங்க் முனையில் உள்ள பைலட் புஷ்ஷைப் புதிதாகப் போடுங்கள், சின்ன விலைதான்.

பிரேக்: நாலு டிரம், ஒற்றைச் சுற்று மாஸ்டர் வைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். பிற்கால அம்பாசடரின் முன் டிஸ்க், சர்வோ (பிரேக் மிதியை இலகுவாக்கும் வேக்குவம் பூஸ்டர்), இரட்டைச் சுற்று மாஸ்டர் மூன்றையும் ஒரே செட்டாக எடுங்கள். டிஸ்க்கை மட்டும் போட்டு டிரம்முக்கான பழைய மாஸ்டரை விட்டால், அதற்குள் இருக்கும் வால்வு லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்தே வைத்திருக்கும். பேட் உரசிக்கொண்டே ஓடி ஹப் கொதிக்கும்.

பெட்ரோல் ஹோஸ் எல்லாம் புதிது. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலப்பு. பழைய ரப்பர் ஊறி உள்ளே உரியும், அந்தத் துகள் நேராக ஜெட்டில் அடைக்கும்.

---

கறுப்புப்புத்தகம்

மூன்றாவது கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் வண்டி 1972. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் வந்த திருத்தப்படி, 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம்: எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். இசுஸு ஏறினால் அந்த வழி மூடிவிடும். அதே சமயம் விஏ பதிவு வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. எனவே எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

சாதாரணப் பதிவிலேயே தொடர்வதானால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. மாற்றுவதற்கு முன்பே ஆர்டிஓ அனுமதி, மாற்றிய 14 நாளில் தெரிவித்து ஆர்சியில் ஏற்ற வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதனால் "பிரேக் இன்ஸ்பெக்டர் தெரிஞ்சவர்" என்ற பேச்சை நம்பி இன்ஜினை இறக்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். அதே நிறுவனம் அதே மாடலில் போட்ட இன்ஜின் என்பது உங்கள் மனுவுக்கு ஒரு பலம். அதற்காகவும் அம்பாசடர் 1800-ன் இன்ஜினே நல்லது. அந்த வண்டியின் ஆர்சி ரத்து செய்த தாள், விற்பனை ரசீது, இன்ஜின் எண்ணின் தெளிவான படம் மூன்றும் கையில் இருக்கட்டும். எண் ஆர்சியோடு ஒத்துப்போகாவிட்டால் விபத்துக் கோரிக்கையில் இன்சூரன்ஸ் முதலில் பிடிப்பது அதைத்தான்.

---

திருச்சி_மார்க்2

நன்றி எல்லோருக்கும். விஏ விஷயம் தெரியாது. இசுஸு 2.0 டீசலும் ஒருவர் சொல்கிறார். அல்லது வேறு 1489 பிளாக் தேடுவதா?

---

லேத்பட்டறை

டீசல் வேண்டாம் சார். முன்பக்கக் கனம் கூடும், டார்ஷன் பார் மறுபடி ஏற்ற வேண்டும், டேங்குக்கு ரிட்டர்ன் லைன் வேண்டும், சர்வோவுக்குத் தனி வேக்குவம் பம்ப் வேண்டும், ஆர்சியில் எரிபொருளையும் மாற்ற வேண்டும். 90-ல் போவதற்கு இத்தனை எதற்கு?

வேறு 1489 பிளாக் என் கணக்கில் முதல் வழி. அம்பாசடர் அவ்வளவு காலம் அந்த இன்ஜினோடு ஓடியது, பிளாக்குக்குப் பஞ்சமில்லை. வாங்கும்போது போர் அளந்து பாருங்கள்: ஸ்டாண்டர்ட் 73.025 மி.மீ. ஏற்கெனவே 40 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு) அளவுக்குக் குடைந்தது என்றால் விட்டுவிடுங்கள். சூடான நிலையில் ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐ, ஐட்லிங்கில் 15 ஆயில் பிரஷர் வந்தால் போதும். பின்பக்கம் ஆயில் கசிந்தால் உடனே இன்ஜினை இறக்க வேண்டாம். அங்கே ரப்பர் சீல் கிடையாது, கிராங்க்கில் உள்ள திருகுச் சுருள்தான் ஆயிலை உள்ளே தள்ளும்; பிரீதர் பைப் (இன்ஜின் உள் காற்று வெளியேறும் குழாய்) அடைத்திருந்தால் உள் அழுத்தம் அதை வெளியே தள்ளிவிடும். முதலில் பிரீதரைக் கழுவிப் பாருங்கள்.

இந்த 1489 இன்ஜினை வைத்து 75-80 சுகமாக வரும். 90 தொடர்ந்து வேண்டுமென்றால் 1800.

---

கறுப்புப்புத்தகம்

பிளாக் மாற்றினாலும் இன்ஜின் எண் மாறும். அதற்கும் ஆர்டிஓ மனு உண்டு. பழைய பிளாக்கை எடைக்குப் போடாதீர்கள், எண் பட்டையோடு பத்திரமாக வையுங்கள். வார்ப்பிரும்பு விரிசலைத் தைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், பின்னால் விஏ பதிவுக்கு அது தேவைப்படலாம்.