குடும்பக் குழுவில் வரும் பொய்ச் செய்தியைத் திருத்துவது வீண் வேலையா?

கரிசல்மண்:
சுமித்ரா பத்ரிநாதன் என்ற அரசியல் ஆய்வாளர் 2019 மக்களவைத் தேர்தல் சமயத்தில் பீகாரில் ஒரு கள ஆய்வு நடத்தினார். 2021இல் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் ஆய்விதழில் அது வெளியானது. மொத்தம் 1,224 பேர். பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தவர்களுடன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நேரில் உட்கார்ந்து, வாட்ஸ்அப்பில் வரும் ஒரு படத்தின் மூலத்தை இணையத்தில் தேடுவது எப்படி, உண்மை சரிபார்க்கும் தளங்களைப் பார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து, வாக்குப்பதிவு முடிந்து முடிவு வருவதற்குள் மறுபடி போய், சில செய்திகளைக் காட்டி எது பொய் என்று கேட்டார்கள்.

மொத்தமாகப் பார்த்தால் பலன் இல்லை. அதிலும், பாஜக ஆதரவாளர்கள் தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்களை அடையாளம் காண்பது பயிற்சிக்குப் பிறகு குறைந்திருந்தது.

ஒரு கட்சியைக் குறை சொல்ல இதைப் போடவில்லை. நாம் காலையில் எழுந்ததும் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் 'இது பழைய வீடியோ' என்று லிங்க் அனுப்பிக்கொண்டிருக்கிறோமே, அந்த வேலையை நிறுத்துவோம் என்கிறேன். அவர்கள் தெரியாமல் நம்பவில்லை. நம்ப வேண்டும் என்று நம்புகிறார்கள். திருத்தினால் இன்னும் முறுக்கிக்கொள்வார்கள்.

வைகைக்கரை:
ஆய்வில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். பாஜக ஆதரவாளர் அல்லாதவர்களிடம் அதே பயிற்சி ஓரளவு பலித்தது. ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம், கூட்டினால் பூஜ்யம் மாதிரித் தெரிகிறது. யாருக்கும் பயன் இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. அதுவும் தேர்தல் சூட்டில், முன்பின் தெரியாத ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பேசிய பேச்சு. அதைவிட அதிகம் எதிர்பார்ப்பதே நியாயமில்லை.

'முறுக்கிக்கொள்வார்கள்' என்பதற்கும் வருகிறேன். பிரெண்டன் நைஹன், ஜேசன் ரைஃப்லர் இருவரும் அமெரிக்க மாணவர்களிடம் செய்த ஒரு சோதனையை 2010இல் வெளியிட்டார்கள். இராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இல்லை என்ற திருத்தத்தைப் படித்த பிறகு, வலதுசாரி மாணவர்கள் ஆயுதங்கள் இருந்ததாக இன்னும் அதிகமாக நம்பினார்கள். உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு தாமஸ் வுட், ஈதன் போர்ட்டர் இருவரும் பத்தாயிரம் பேருக்கு மேல், 52 விஷயங்களில் சோதித்தார்கள். அந்த எதிர்விளைவு தென்படவில்லை. 2019இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையின் சாரம், உண்மைத் தகவலைக் கொடுத்தால் பெரும்பாலும் மக்கள் அதன் பக்கம் நகர்கிறார்கள் என்பதுதான்.

கரிசல்மண்:
நகர்கிறார்கள், சரி. நகர்ந்து என்ன ஆகிறது? அதே நைஹன், ரைஃப்லர், போர்ட்டர், வுட் நால்வரும் சேர்ந்து செய்த இன்னொரு ஆய்வு இருக்கிறது. 2016 கட்சி மாநாட்டில் டிரம்ப் குற்றங்கள் பெருகுவதாகப் பேசினார். குற்றங்கள் நீண்ட காலமாகக் குறைந்துவருகின்றன என்ற புள்ளிவிவரத்தைக் காட்டியதும் அவருடைய ஆதரவாளர்களும் ஓரளவு ஏற்றுக்கொண்டார்கள். டிரம்ப் மீது இருந்த அபிமானம் மட்டும் அசையவில்லை. 'அவர் சொன்னது தப்புதான், ஆனாலும் என் ஓட்டு அவருக்குத்தான்.' நான் சொல்வது இதைத்தான்.

வைகைக்கரை:
ஓட்டை மாற்றுவதா நம் வேலை? மாமா யாருக்கு வேண்டுமானாலும் போடட்டும். ஒரு சமூகத்தைப் பற்றியோ ஒரு ஊரைப் பற்றியோ பொய்யை நம்பி அவர் அடுத்த வீட்டுக்காரரைச் சந்தேகமாகப் பார்க்கக் கூடாது. அந்த அளவுக்குத் திருத்தம் பலித்தால் எனக்குப் போதும்.

இன்னொன்று, பத்ரிநாதன், சைமன் ஷொஷார் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து இந்தியாவில் செய்த ஆய்வு. வாட்ஸ்அப் உரையாடல் போலவே ஒரு திரையை உருவாக்கி, ஒருவர் பொய்யைப் போடுகிறார், இன்னொருவர் 'இது உண்மை இல்லை' என்கிறார் என்று காட்டினார்கள். அந்தப் பதிலைப் பார்த்தவர்களிடம் பொய்யின் மீதான நம்பிக்கை குறைந்தது. பதிலோடு ஆதாரம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. குழுவில் இருக்கும் ஐம்பது பேரில் பேசுபவர் ஐந்து பேர், மீதிப் பேர் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறார்கள். உங்கள் ஒரு வரி அவர்களுக்காக.

கரிசல்மண்:
அந்தத் திரையில் இருந்தவர்கள் யாரும் உங்கள் பெரியப்பா இல்லை. நிஜக் குழுவில் திருத்துபவன் 'நேற்றுப் பிறந்த பையன்', அனுப்பியவர் கல்யாணத்துக்கு முன்வரிசையில் உட்கார்பவர். இந்த மரியாதைக் கணக்கை எந்தத் திரையில் காட்ட முடியும்?

அப்புறம், ஆதாரமே இல்லாத ஒரு வரி மறுப்பு வேலை செய்கிறது என்பது உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கிறதா? எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படியானால் உண்மைச் செய்தியையும் ஒருவன் 'பொய்' என்று ஒரே வரியில் கொன்றுவிடலாம். ஐடி விங்க்காரர்கள் அதைத்தானே நாள் முழுக்கச் செய்கிறார்கள்?

பனியன்கம்பெனி:
திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு, அவை பொய் என்று வீடியோவிலேயே விளக்கினார். ஒன்று பீகார் தொழிலாளர்களுக்குள் நடந்த தகராறு, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பியது.

எங்கள் யூனிட்டில் கட்டிங் மேஜை அருகே ஒரு பையன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். ஊரிலிருந்து அவன் அம்மா அந்த வீடியோவை அனுப்பி, உடனே ரயில் ஏறு என்கிறார். டிஜிபியின் மறுப்பை நான் காட்டினேன். பார்த்துவிட்டுப் போனை என்னிடமே கொடுத்துவிட்டான். போலீஸ் அப்படித்தான் சொல்லும் என்று நினைத்திருப்பான். அதே மாவட்டத்துக்காரர் ஒருவர், பத்து வருடமாக இங்கே டெய்லராக இருப்பவர், அவன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, மிஷின் ஓடுவதையும் பையன் சாப்பிடுவதையும் காட்டினார். பையன் ஊருக்குப் போகவில்லை. யார் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் லிங்க்குக்கு அந்த மதிப்பு இல்லை.

கரும்பலகை:
அரசுப் பள்ளி ஆசிரியை நான். பீகார் ஆய்வு 2019உடன் முடியவில்லை என்பதை யாருமே சொல்லவில்லையே! அந்த ஒரு மணி நேரம் போதவில்லை என்று தெரிந்த பிறகு, பத்ரிநாதனும் ஷொஷாரும் இன்னும் இருவரும் சேர்ந்து பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் போனார்கள். 583 கிராமங்கள், 13,500 மாணவர்கள், 13 முதல் 18 வயது வரை. மாநில அரசு நிறுவனத்துடன் சேர்ந்து, பல வாரங்களில் நான்கு வகுப்புகள். பாடம் பெரும்பாலும் உடல்நலம் பற்றிய பொய்கள்.

பிள்ளைகள் உண்மையையும் பொய்யையும் பிரித்துப் பார்ப்பதில் தெளிவான முன்னேற்றம். நான்கு மாதம் கழித்தும் அது நிலைத்திருந்தது. அரசியல் பொய்களுக்கும் அதே திறமையைப் பயன்படுத்தினார்கள். எனக்கு மனது நிறைந்த இடம், அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும் தேறியிருந்தார்கள் என்பதுதான். கரிசல்மண், உங்கள் 'நேற்றுப் பிறந்த பையன்' வீட்டில் பேசியிருக்கிறான், அப்பாவும் அம்மாவும் கேட்டிருக்கிறார்கள்.

கரிசல்மண்:
நல்ல ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் அரசாங்கத்தின் கையில் இதைக் கொடுக்கச் சொல்கிறீர்கள். 2023இல் மத்திய அரசு, தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே தீர்மானிக்க ஒரு பிரிவை அமைக்கும் விதியைக் கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் மும்பை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நாளை எந்த ஆட்சி வந்தாலும் இந்த ஆசை இருக்கும்.

கரும்பலகை:
நான் எது பொய் என்று பட்டியல் கொடுக்கும் பாடத்தைக் கேட்கவில்லை. இந்தப் படம் எப்போது எடுத்தது, அனுப்பியவருக்கு எப்படித் தெரியும், வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்கும் பழக்கத்தைக் கேட்கிறேன். அந்தக் கேள்வியை எட்டாம் வகுப்புப் பிள்ளை அரசாங்க அறிவிப்பைப் பார்த்தும் கேட்கும். கேட்கட்டும்.

வைகைக்கரை:
கரிசல்மண், எல்லாப் பொய்க்கும் கட்சி இருக்கிறது என்ற நினைப்பில் பேசுகிறீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குலதெய்வம் கோயிலுக்கு வந்த 65 வயது அம்மாவைக் குழந்தை கடத்துபவர் என்று அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த வதந்தியில் எந்தக் கட்சி இருந்தது?

கரிசல்மண்:
அந்த மாதிரி வதந்தி வந்தால் நானும் திருத்துவேன், உடனே திருத்துவேன். கட்சிப் பொய்யைத்தான் தொடமாட்டேன் என்கிறேன்.

வைகைக்கரை:
2023 வீடியோக்கள் முதலில் உயிர்ப்பயமாகத்தான் பரவின. இரண்டு நாளில் பீகார் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி அதை எடுத்துக்கொண்டு அமளி செய்தது. அப்போது அந்த அம்மாவின் போனில் இருந்தது வதந்தியா, கட்சிப் பொய்யா? நீங்கள் பிரித்துப் பார்த்து முடிப்பதற்குள் பையன் ரயில் ஏறியிருப்பான்.